அடித்து வாங்கிய வாக்குமூலம்

அவைத்தலைவர் ஐயா அவர்களே, உடல்நலக் குறைவையும் பொருட்படுத்தாமல் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி அவர்களே, கேட்டவுடன் அரங்கத்தைத் திறந்துவிட்ட நூலகர் அம்மா அவர்களே, வழக்கறிஞர் சங்க நண்பர்களே, இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

சிலுவைப் போர்க் காலத்தில் எழுந்த கிறிஸ்தவத் துறவி வீரர்களின் அமைப்பு டெம்ப்ளர் படை. அதன் கடைசித் தலைவர் ஜாக் டி மோலே. அவரைப் போர்வீரராக, நிர்வாகியாக, கைதியாக மூன்று வகையில் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன்.

1265இல் படையில் சேர்ந்தவர். 1291இல் புனித பூமியில் சிலுவைப் படையினரின் கடைசிப் பெரிய தளமான ஏக்ர் கோட்டை விழுந்தது. அடுத்த ஆண்டு சைப்ரஸில் தலைவரானார். புனித பூமியை மீட்க உதவி கேட்டு ஐரோப்பாவில் ஒவ்வொரு அரசவையாக ஏறி இறங்கினார். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள், மன்னர்கள் நகரவில்லை.

1307 அக்டோபர் 12, பாரிஸ். பிரெஞ்சு மன்னர் நான்காம் பிலிப்பின் தம்பி மனைவி கேத்தரினுக்கு இறுதிச் சடங்கு. அரச குடும்பத்தோடு நின்று சவப்பெட்டியைத் தாங்கியவர்களில் மோலேயும் ஒருவர். எவ்வளவு பெரிய மரியாதை! ஆனால் அவரைப் பிடிக்கும் உத்தரவு ஒரு மாதம் முன்பே எழுதி, முத்திரையிட்டு, நாடெங்கும் போய்ச் சேர்ந்திருந்தது. பக்கத்தில் நின்ற மன்னருக்குத் தெரியும். மோலேக்குத் தெரியாது. மறுநாள் விடியற்காலையில் மதத் துரோகக் குற்றம் சாட்டி பிரான்ஸ் முழுக்க டெம்ப்ளர்களைக் கைது செய்தார்கள். மன்னருக்கு அப்போது கடும் பணமுடை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிறகு சித்திரவதை. பாரிஸில் விசாரித்த 138 பேரில் 134 பேர் கிறிஸ்துவை மறுதலித்ததாக, சிலுவையில் துப்பியதாக ஏதாவது ஒன்றை ஒப்புக்கொண்டார்கள். மோலேயும்தான். அடி மேல் அடி அடித்தால் அம்மியே நகரும்போது மனிதன் என்ன செய்வான்? பெர்னார் என்ற டெம்ப்ளர் பாதிரியாரின் பாதங்களை நெருப்பில் காட்டினார்கள். பின்னால் போப் அமைத்த விசாரணைக் குழுவின் முன் வந்தவர், தன் குதிகாலிலிருந்து விழுந்தவை என்று இரண்டு எலும்புகளை எடுத்துக் காட்டினார். சைப்ரஸிலோ சித்திரவதையில்லாமல் விசாரித்தார்கள். அங்கே ஒருவர்கூடக் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை! நீதிபதி ஐயா, இதைவிட என்ன சான்று வேண்டும்?

1314 மார்ச்சில் நோத்ர தாம் பேராலயத்தின் முன் ஆயுள் சிறை என்று தீர்ப்பு வாசித்தார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் உயிர் மிஞ்சியிருக்கும். மோலே எழுந்து, எங்கள் படை குற்றமற்றது என்றார். அன்று மாலையே சேன் நதித் தீவில் எரித்துவிட்டார்கள். மன்னருக்கும் போப்புக்கும் அவர் சாபம் விட்டார் என்ற கதை எனக்குத் தேவையில்லை.

எனக்குத் தேவை ஒரு கையெழுத்து. ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. இன்றுவரை அதை உறுதிசெய்யவில்லை. காவலில் அடித்து வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்று சட்டம் சொல்கிறது, சரி. அடிக்கிற கையைத் தண்டிக்கத் தனிச் சட்டம் எங்கே? இதையேதான் மேடைதோறும் கேட்கிறேன். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும், தோழர்களே, அரசும் நகரும்.

நிர்வாகி மோலேயைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெயரும் ஊரும் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வணக்கம்.