தங்கச்சி பேரையும் சேர்த்துப் போடணும்

நேயர்களுக்கு வணக்கம்.

பத்திரம் எழுதுவது என் தொழில். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கமிருந்து வருகிற அண்ணாச்சிகள் அடிக்கடி கேட்பது இதுதான்: “வீடு என் பேர்ல இருக்கு. தங்கச்சி பேரையும் சேர்த்துப் போடணும். பட்டாவுல ஏத்தினாப் போதும்லா?”

நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். வீடு உங்கள் பேருக்கு எப்படி வந்தது?

அப்பா உயில் எழுதாமல் காலமாகிவிட்டார், மூத்தவர் என்று வீட்டுத் தீர்வையும் கரண்டு பில்லும் உங்கள் பேருக்கு மாறின, அவ்வளவுதான் என்றால் தங்கச்சியை நீங்கள் சேர்க்கவே வேண்டாம். அவர் ஏற்கெனவே பங்குக்காரர். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பாவின் சொந்தச் சொத்தில் அம்மா, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. அப்பாவைப் பெற்ற ஆச்சி இருந்தால் அவருக்கும் ஒன்று. கல்யாணத்துக்குப் போட்ட நகையைச் சொல்லி இதில் கழிக்க முடியாது. வாரிசுச் சான்றிதழ் வாங்கிக் கூட்டுப் பட்டாவுக்கு எழுதிக் கொடுங்கள். கிறித்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பங்குக் கணக்கு வேறு.

நீங்களே கிரயம் வாங்கிய வீடு, அல்லது அப்பா உங்களுக்கு மட்டும் எழுதி வைத்தது என்றால், அப்போதுதான் நீங்கள் கொடுக்கிறவர். பட்டாவில் பேர் ஏற்றினால் உரிமை போய்ச் சேராது. தான செட்டில்மென்ட், அதாவது பணம் வாங்காமல் கொடுக்கிற பத்திரம் எழுதி, இரண்டு சாட்சி வைத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பத்திரம் வங்கியில் அடமானத்தில் இருந்தால் முதலில் அங்கே போய்க் கேளுங்கள்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். உடன்பிறந்தவருக்குக் கொடுப்பதும் குடும்பக் கணக்கில்தான் வரும். முத்திரைத் தீர்வை 1 சதவீதம், 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சம் 10,000. கொடுக்கிற பாதி 20 லட்சம் பெறும் என்றால் இரண்டும் சேர்த்து 30,000 ரூபாய். அதையே கிரயமாக எழுதினால் 1,80,000!

நம் ஆட்கள் அவசரப்படுவது சொத்து விவரம் எழுதும் இடத்தில். ‘பொதுவில் சரிபாதி’ என்று எழுதினால் தார்சா, பட்டாசாலை, அடுக்களை, மாடிப்படி எல்லாவற்றிலும் இருவருக்கும் பாதி. தங்கச்சிக்கு மாடி மட்டும் என்றால் அளவு போட்டு, வரைபடம் இணைத்துத் தனியாக எழுத வேண்டும். அவர் எந்த வழியாக ஏறிப்போவார்? கிணற்றில் தண்ணீர் எடுக்கும் பாத்தியம் உண்டா? மோட்டார் பழுதானால் யார் செலவு? இதையெல்லாம் கேட்டால், “எங்களுக்குள்ள அதெல்லாம் எதுக்கு?” என்று சிரிப்பார்கள். உங்களுக்குள் வேண்டாம், சரி. தங்கச்சிக்குப் பிறகு அந்தப் பங்கு மச்சானுக்கும் மருமகப் பிள்ளைகளுக்கும் போகுமே, அவர்களுக்கு வேண்டும்.

இன்னொன்று. கொடுத்து, அவர் ஏற்றுக்கொண்ட பிறகு, மனஸ்தாபம் வந்தது என்று திரும்ப வாங்க முடியாது. ரத்துப் பத்திரம் எழுதச் சொல்லி வருகிறவர்கள் உண்டு. நான் எழுதுவதில்லை. இப்போதே தயக்கம் இருக்கிறவர்கள் உயில் எழுதிக்கொள்ளலாம். அதை உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம்.

பதிவு முடிந்ததும் பட்டா, வீட்டுத் தீர்வை இரண்டிலும் இருவர் பேரும் ஏறிவிட்டதா என்று பாருங்கள். மூலப் பத்திரம் ஒன்றுதான் இருக்கும். அது யார் கையில் இருக்கும், கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும் என்பதையும் பத்திரத்திலேயே இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். வணக்கம்.