லேப்டாப்பில் ஏற்கெனவே இருக்கும் பூட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

லேப்டாப் வாங்கும்போது எல்லோரும் என்ன கேட்கிறோம்? ராம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம், பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும். இது தொலைந்துபோனால் உள்ளே இருக்கும் என் படங்கள், கணக்கு வழக்குகள், கடிதங்கள் எல்லாம் யார் கைக்குப் போகும் என்று கேட்பவர்கள் குறைவு. தெரிந்தவர்களுக்கும் நண்பர்களுக்கும் கணினி அமைத்துக் கொடுப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். அதில் நான் பார்த்தது, அந்தக் கேள்விக்கான ஏற்பாடு பெரும்பாலும் கணினிக்குள்ளேயே தயாராக இருக்கிறது. அதன் சொந்தக்காரருக்கு மட்டும் தெரிவதில்லை. இன்றைக்கு அதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். பிறகு பக்கவாட்டில் இருக்கிற போர்ட்டுகள், கேபிள்கள் பற்றியும் கொஞ்சம்.

கணினியைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்கிறது. சரி, பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த பாஸ்வேர்டு தடுப்பது திரை வழியாக வருபவரை மட்டும்தான். கோப்புகள் சேமிக்கப்படும் டிஸ்க், சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்படவில்லை என்றால், அதைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினால் போதும், பாஸ்வேர்டே கேட்காமல் உங்கள் கோப்புகள் அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும். சில மாடல்களில் டிஸ்கைக் கழற்ற ஒரு ஸ்குரூடிரைவரே போதும். வாசல் கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துபோட்ட கதைதான்.

கொல்லைக் கதவைப் பூட்டுவதற்குப் பெயர் டிஸ்க் குறியாக்கம், அதாவது என்கிரிப்ஷன். டிஸ்கில் எழுதப்படும் ஒவ்வொன்றும் சாவி இல்லாமல் படிக்க முடியாத வடிவத்தில் எழுதப்படும். சாவி எங்கே இருக்கும்? விண்டோஸ் கணினிகளில் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு அதைக் காக்கிறது. 2021இல் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 இருந்தே ஆக வேண்டும் என்று கேட்பதால், இப்போது வரும் விண்டோஸ் லேப்டாப்களில் அது உண்டு. நீங்கள் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. செட்டிங்ஸுக்குள் போய் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ அல்லது ‘பிட்லாக்கர்’ என்று தேடிப் பாருங்கள். ஆப்பிள் கணினி என்றால் ‘ஃபைல்வால்ட்’. அது இயங்குகிறதா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். பல விண்டோஸ் 11 கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்து அமைக்கும்போது குறியாக்கம் தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். நல்லதுதான். ஆனால் அதோடு, வழக்கமான வழியில் டிஸ்க் திறக்காதபோது கேட்கப்படும் ஒரு மீட்புச் சாவியும் உருவாகிறது. 48 இலக்கங்கள். அது அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். உங்களுக்கு அதன் நினைவே இருக்காது.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, ஓய்வு பெற்றவர். தன் மாணவர்கள் எழுதிய கட்டுரைகளைப் பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து சேர்த்து வைத்திருந்தார். லேப்டாப் பழுதாகி, மதர்போர்டு, அதாவது உள்ளே இருக்கும் முதன்மைச் சுற்றுப்பலகை, மாற்றப்பட்டது. திரும்பி வந்ததும் திரையில் நீல நிறத்தில் ஓர் அறிவிப்பு: மீட்புச் சாவியைக் கொடு. அவர் தன் பாஸ்வேர்டைத் தட்டிப் பார்த்தார், பிறந்த தேதியைத் தட்டிப் பார்த்தார். அது எதையும் ஏற்கவில்லை, ஏற்கவும் கூடாது. டிபிஎம் சில்லு மதர்போர்டோடு சேர்ந்தது. மதர்போர்டு மாறினால் பழைய சில்லும் போய்விடுகிறது. டிஸ்கைப் பொறுத்தவரை அதைத் திருடி வேறு கணினியில் மாட்டியிருப்பதற்கும் இதற்கும் எந்த வேறுபாடும் தெரியாது. பாதுகாப்பு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. செய்வதுதான் அவருக்குத் துன்பம்.

என்னைக் கூப்பிட்டார். கணக்கு எது என்று கேட்டேன். “கணக்கா? அப்படி ஒன்றும் நான் திறக்கவில்லையே” என்றார். விசாரித்துப் பார்த்ததில், லேப்டாப் வாங்கிய நாளில் அவருடைய அக்கா மகன்தான் அமைத்துக் கொடுத்திருக்கிறார், தன்னுடைய மின்னஞ்சல் முகவரியைப் போட்டு. அந்தப் பையனோ வெளிநாட்டில். தொடர்புகொண்டு, அவர் தன் கணக்கைத் திறந்து பார்த்தபோது சாவி அங்கே பத்திரமாக இருந்தது. தொலைபேசியில் அவர் ஆறு ஆறு இலக்கமாகச் சொல்லச் சொல்ல, ஆசிரியை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துத் தட்டினார். கட்டுரைகள் அப்படியே கிடைத்தன. அந்தக் கணக்கு மூடப்பட்டிருந்தால் அந்த டிஸ்கை நானோ வேறு எவருமோ திறந்திருக்க முடியாது.

இது தனிமனிதர்களுக்கு மட்டும் வரும் சிக்கலும் இல்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. விமான நிலையங்களில் வரிசைகள் நின்றதை எல்லோரும் செய்தியில் பார்த்தோம். பிழையை நீக்கும் வழி எளியது, ஒரு கோப்பை அழிக்க வேண்டும். ஆனால் குறியாக்கம் செய்யப்பட்ட பல கணினிகளில் அந்த ஒரு கோப்பை அணுகவே 48 இலக்கச் சாவி வேண்டியிருந்தது. சாவிகளை ஒழுங்காக வைத்திருந்த அலுவலகங்கள் சீக்கிரம் எழுந்துகொண்டன.

அதனால் மறுபடியும் சொல்கிறேன். குறியாக்கம் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால், மீட்புச் சாவி யாருடைய கணக்கில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அதைக் காகிதத்தில் எழுதியோ அச்சிட்டோ, லேப்டாப் பை இல்லாத வேறு இடத்தில் வையுங்கள். பையிலேயே வைத்தால், பையோடு சாவியும் போய்விடும்.

அடுத்து, கைரேகை, முகம், பின் (PIN) என்கிற ரகசிய எண். நாலு இலக்கப் பின் எப்படி நீளமான பாஸ்வேர்டை விடப் பாதுகாப்பாக இருக்கும் என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விண்டோஸில் பின் அந்த ஒரு கணினியில் மட்டுமே செல்லும். அதை வேறொருவர் பார்த்துவிட்டாலும், உலகத்தின் மறுமூலையிலிருந்து உங்கள் கணக்குக்குள் அதைக் கொண்டு நுழைய முடியாது. தவறாகத் தட்டிக்கொண்டே இருந்தால் டிபிஎம் சில்லு தடுத்துவிடும். ஆனாலும் ஆறு இலக்கமாக வைப்பது நல்லது. கைரேகையோ முகமோ படமாகச் சேமிக்கப்படுவதில்லை. அதிலிருந்து எடுத்த அடையாளக் குறிப்புகள் மட்டும் கணினிக்குள்ளேயே இருக்கும். முகத்தை அடையாளம் காணும் கேமராக்கள் அகச்சிவப்பு ஒளியில் பார்ப்பதால் இருட்டிலும் வேலை செய்யும், அச்சிட்ட புகைப்படத்தைக் காட்டினால் திறக்காது.

கேமராவின் மேல் சின்ன மூடி உள்ள லேப்டாப் என்றால், பயன்படுத்துங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: மூடி காட்சியைத்தான் மறைக்கும், மைக் திறந்தே இருக்கும். மூடி இல்லாத லேப்டாப்பில் தடிமனான எதையாவது ஒட்டிவிட்டு மூடினால் திரை விரிசல் விடலாம்.

சரி, போர்ட்டுகளுக்கு வருவோம். யுஎஸ்பி-சி. எப்படிச் செருகினாலும் உள்ளே போகும், அந்தச் சின்ன நீள்வட்டத் துளை. 2014இல் வந்தது. இதில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது: வடிவம் ஒன்று, திறமை வேறு வேறு. ஒரே லேப்டாப்பில் இரண்டு யுஎஸ்பி-சி இருக்கும். ஒன்றில் வெளித்திரையை இணைக்கலாம், மற்றதில் முடியாது. பக்கத்தில் பொறித்திருக்கும் குறியைப் பாருங்கள். மின்னல் குறி இருந்தால் பெரும்பாலும் தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பு. தரவு, திரை, சார்ஜ் மூன்றும் நடக்கும். குறி எதுவும் இல்லையென்றால் உங்கள் மாடலின் விவரக்குறிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

கேபிளும் அப்படித்தான். கைபேசியோடு வரும் சார்ஜ் கேபிள்கள் பல வினாடிக்கு 480 மெகாபிட் வேகத்துக்கு மேல் போகாது. 100 ஜிகாபைட் படங்களை வெளி டிஸ்குக்கு மாற்ற, அந்தக் கேபிளில் வெறும் கணக்குப்படியே அரை மணி நேரம் ஆகும். நடைமுறையில் இன்னும் கூடும். வினாடிக்கு 10 ஜிகாபிட் போகும் கேபிளில், டிஸ்கும் போர்ட்டும் ஈடுகொடுத்தால், ஒன்றரை நிமிடத்தில் முடியும். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி. லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று என்னிடம் சொன்ன ஒருவருக்கு நான் மாற்றிக் கொடுத்தது கேபிளை மட்டும்தான். மின்சாரமும் அதே கதை: 60 வாட் தாங்கும் கேபிள் உண்டு, 240 வாட் வரை தாங்குவதும் உண்டு. நல்ல கேபிள்களில் எண் அச்சிட்டே இருக்கும்.

நிலையத்தார் நேரம் காட்டுகிறார்கள். வைஃபை, புளூடூத் பற்றி நிறைய வைத்திருந்தேன், இரண்டு மட்டும் சொல்கிறேன். வீட்டு ரூட்டரில் டபிள்யூபிஏ3 என்ற வைஃபை பாதுகாப்பு முறைக்கான தேர்வு இருந்தால் அதை வையுங்கள். பழைய கருவிகள் இணைய மறுத்தால் அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2. விண்டோஸில் ‘டைனமிக் லாக்’ என்று ஒரு வசதி உண்டு. கைபேசியை புளூடூத்தில் இணைத்துவிட்டால், நீங்கள் கைபேசியோடு எழுந்துபோன சிறிது நேரத்தில் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும். கடைசியாக, தொலைந்த லேப்டாப்பைத் தேடும் ‘ஃபைண்ட் மை டிவைஸ்’. தொலைந்த பிறகு அதை இயக்க முடியாது, அதனால் இன்றைக்கே இயக்கிவிடுங்கள். நன்றி, வணக்கம்.