நாணயம் மாற வேண்டாம் என்றால், யாருடைய பெரும்பான்மை?

நேயர்களுக்கு வணக்கம்.

2000 செப்டம்பர் 28. குரோன் நாணயத்தை விட்டுவிட்டு யூரோவுக்கு மாறலாமா என்று டென்மார்க் மக்கள் வாக்களித்த நாள். அரசு, பெரிய கட்சிகள், தொழிலதிபர்கள், பெரும்பாலான நாளேடுகள் எல்லாமே ‘மாறலாம்’ பக்கம். எண்ணிப் பார்த்தால் 53.2 விழுக்காடு ‘வேண்டாம்’.

நாடாளுமன்றத்தில் ஆதரவு இருந்தும் அரசு ஏன் மக்களிடம் போனது? அந்நாட்டு அரசமைப்பின் 20-ஆம் பிரிவுதான் காரணம். நாட்டின் அதிகாரத்தில் ஒரு பகுதியைப் பன்னாட்டு அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டுமானால் ஆறில் ஐந்து பங்கு உறுப்பினர்கள் ஒப்ப வேண்டும். மொத்தம் 179 இடங்கள்; ஆக 150 பேர். அவ்வளவு பேர் சேராமல் வெறும் பெரும்பான்மை மட்டும் இருந்தால், அரசு மக்கள் வாக்கெடுப்புக்குத்தான் போக வேண்டும்.

1992-இல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் பொது நாணயத்துக்கும் அடித்தளமிட்ட மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்துக்கு டென்மார்க் நாடாளுமன்றத்தில் 130 உறுப்பினர்கள் ஆதரவு, 25 பேர் எதிர்ப்பு. வேறு எந்த மன்றத்திலும் இது பிரமாதமான வெற்றி. இங்கே 20 குறைந்தது. மக்களிடம் போன ஒப்பந்தம் சுமார் 47 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. அதன்பின் மற்ற ஐரோப்பிய நாடுகளோடு எடின்பரோவில் பேசி, பொது நாணயத்தில் சேராமலிருக்கும் உரிமையை வாங்கிக்கொண்டு, 1993 மே மாதம் மறுபடி வாக்கெடுப்பு நடத்தினார்கள், 56.7 விழுக்காடு ஒப்புதல். ‘சரி’ வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பதா என்று அப்போது எழுந்த குறை முழுக்கத் தவறில்லை. ஆனால் இரண்டாம் முறை கேட்டது அதே கேள்வியுமில்லை.

‘வேண்டாம்’ தரப்புக்கும் ஒரு தடை உண்டு. வந்த வாக்கில் பாதிக்கு மேல் பெற்றால் போதாது; மொத்த வாக்காளர்களில் குறைந்தது 30 விழுக்காட்டினர் எதிர்த்து வாக்களித்திருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதிப்பேர் மட்டுமே வாக்குச்சாவடிக்கு வந்தால், எதிர்ப்பு 60 விழுக்காடு தேவை. 40 விழுக்காட்டினர் வந்தால் 75 தேவை. எனவே மாற்றத்தை எதிர்க்கிறவர் புறக்கணிப்பு என்று வீட்டில் உட்கார்ந்தால், அது ஆதரவாளருக்குத்தான் லாபம். 2000-இல் 87.6 விழுக்காட்டினர் வந்ததால் இந்தத் தடை பொருட்டாகவே இல்லை.

ஸ்வீடனில் கதை வேறு. 2003 செப்டம்பர் 14-இல் நடந்தது ஆலோசனை வாக்கெடுப்பு மட்டுமே. சட்டப்படி அரசைக் கட்டாது. வாக்கெடுப்புக்கு நான்கு நாள் முன்பு, யூரோவுக்காகப் பிரசாரம் செய்த வெளியுறவு அமைச்சர் அன்னா லிண்ட் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். அனுதாப வாக்கு விழும் என்று பேசினார்கள். விழுந்தது 55.9 விழுக்காடு ‘வேண்டாம்’. அரசு அதை ஏற்றுக்கொண்டது. டென்மார்க்குக்கு இருக்கும் விலக்குரிமை ஸ்வீடனுக்குக் கிடையாது; என்றாவது சேர்ந்தாக வேண்டும். ஆனால் ஒரு வழி இருந்தது. சேரும் நாடு முதலில், தன் நாணயத்தின் மதிப்பை யூரோவோடு ஒரு வரம்புக்குள் கட்டிவைக்கும் ஐரோப்பிய செலாவணி ஏற்பாட்டில் இரண்டாண்டு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஸ்வீடன் அதில் நுழையவே இல்லை. அந்த நிபந்தனை நிறைவேறாதவரை யூரோவும் இல்லை.

இரண்டு நாட்டிலும் ‘வேண்டாம்’ என்றவர்கள் மொத்த வாக்காளர்களில் ஏறக்குறைய 46 விழுக்காடுதான். வாக்குரிமை உள்ளவர்களில் பாதிகூட இல்லை. இருந்தும் முடிவை எல்லாத் தரப்பும் ஏற்றது. விதி முன்கூட்டியே தெரிந்திருந்ததே காரணம் என்பது என் கணிப்பு.

ஜெர்மனியில் அந்தக் கேள்வியே கேட்கப்படவில்லை. அந்நாட்டு அரசமைப்பான 1949-ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டத்தில் இதுபோன்ற விஷயங்களுக்கு நாடு தழுவிய வாக்கெடுப்பு கிடையாது. 1998 ஏப்ரல் 23-இல் நாடாளுமன்றத்தில் 575 பேர் ஆதரவு, 35 பேர் எதிர்ப்பு, ஜெர்மனியின் மார்க் நாணயம் போனது. வாக்கெடுப்பு வைத்திருந்தால் தோற்றிருப்பேன் என்று ஹெல்முட் கோல் பின்னாளில் ஒப்புக்கொண்டார். அந்த எதிர்ப்பு 2002-இல் ஒரு சொல்லாக வெளிவந்தது: ‘டொய்ரோ’. ‘டொயர்’ என்றால் விலை அதிகம். அதை யூரோவோடு ஒட்டியது. ஒட்டுமொத்தப் பணவீக்கம் அந்த ஆண்டு 2 விழுக்காட்டுக்குக் கீழேதான். ஆனால் காப்பியும் முடிவெட்டும் அடிக்கடி வாங்குபவை. அவற்றின் விலையேற்றம் உறைக்கும். பத்தாண்டுக்கு ஒருமுறை வாங்கும் குளிர்பெட்டியின் விலை நினைவில் நிற்காது.

‘வேண்டாம்’ என்று வென்றவர்களுக்கு என்ன கிடைத்தது? டென்மார்க்கில் தாளும் காசும் அவர்களுடையவை. ஆனால் அந்நாடு அதே செலாவணி ஏற்பாட்டில் இருக்கிறது: ஒரு யூரோவுக்கு 7.46038 குரோன் என்பது மையவிகிதம், இருபுறமும் 2.25 விழுக்காட்டுக்கு மேல் நகரக்கூடாது. 2015 ஜனவரியில் ஸ்விட்சர்லாந்து தன் நாணயத்துக்கு வைத்திருந்த வரம்பைக் கைவிட்டதும் டென்மார்க்கிலும் பணம் கொட்டியது. குரோன் ஏறிவிடாமல் தடுக்க மத்திய வங்கி சில வாரங்களுக்குள் நான்குமுறை வட்டியைக் குறைத்து, சுழியத்துக்குக் கீழே 0.75-க்குக் கொண்டுபோனது. யூரோவின் வட்டியைத் தீர்மானிக்கும் ஐரோப்பிய மத்திய வங்கிக் குழுவில் டென்மார்க்குக்கு இடமில்லை. ஸ்வீடனின் குரோனா யூரோவோடு கட்டப்படாமல் சந்தைப்படி மிதக்கிறது. வட்டியை அவர்களே முடிவுசெய்கிறார்கள்.

பல்கேரியா 2026 ஜனவரி 1-இல் யூரோவுக்கு மாறியது. முந்தைய மே மாதம் குடியரசுத் தலைவர் ருமென் ராதெவ் வாக்கெடுப்பு கேட்டார். நாடாளுமன்ற அவைத்தலைவர் அதை அவைக்கே எடுக்கவில்லை. அங்கே லெவ் நாணயம் மாறிய விகிதம் ஒரு யூரோவுக்கு 1.95583. ஜெர்மானியர் மார்க்கைக் கொடுத்து யூரோ வாங்கிய அதே விகிதம். 1997-இலேயே லெவ்வை மார்க்கோடு கட்டிவிட்டிருந்தார்கள்.