சலுகை இயந்திரத்துக்கு, இழப்பு தொழிலாளிக்கு

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நிறுவனங்களுக்கு அளிக்கப்படும் வரிச்சலுகைகள் உள்ளூர் உற்பத்தி வேலைகளைக் காக்கின்றனவா, கரைக்கின்றனவா என்பது இன்றைய தலைப்பு. கரைக்கின்றன என்ற அணியின் சார்பில் நான் பேசுகிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் இரண்டு வாதங்களை வைத்துவிட்டு அமர்ந்தார். சலுகை தராவிட்டால் ஆலை பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும் என்பது ஒன்று. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி ஆலை மூடப்பட்டதற்குச் சலுகை காரணமல்ல, வரித்துறையின் கெடுபிடியே காரணம் என்பது மற்றொன்று. இரண்டாவது வாதம் வலுவானது. எனவே அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

2005 ஏப்ரலில் தமிழக அரசும் நோக்கியாவும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. மாநில அரசின் சிப்காட் தொழில் வளாகத்தில் 200 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம், சிறப்புப் பொருளாதார மண்டலத் தகுதி, மாநிலத்துக்குக் கட்டும் விற்பனை வரியைத் திருப்பித் தரும் ஏற்பாடு என்று பந்தி பலமாகவே பரிமாறப்பட்டது. மண்டலச் சட்டத்தின்படி ஏற்றுமதி லாபத்துக்கு முதல் 5 ஆண்டுகள் வருமான வரி முழுவதும் விலக்கு, அடுத்த 5 ஆண்டுகள் பாதி விலக்கு. 2006இல் உற்பத்தி தொடங்கியது. உச்சக்கட்டத்தில் சுமார் 8,000 பேர் அங்கே நேரடியாக வேலை பார்த்தார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் பள்ளிப் படிப்பையோ பட்டயப் படிப்பையோ முடித்த கையோடு வேலைக்கு வந்த இளம்பெண்கள். உதிரி பாகங்கள் தரும் ஃபாக்ஸ்கான், சால்காம்ப், பெர்லோஸ் போன்ற நிறுவனங்களும் பக்கத்திலேயே ஆலை அமைத்தன. இவற்றையெல்லாம் நான் மறுக்கவில்லை.

பிறகு நடந்தவற்றையும் வரிசையாகப் பார்ப்போம். 2013 மார்ச்சில் மத்திய வருமான வரித்துறை சுமார் 2,080 கோடி ரூபாய் கேட்டது. அது பின்லாந்துத் தாய் நிறுவனத்துக்கு மென்பொருளுக்காக அனுப்பிய பணத்தில் வரி பிடித்தம் செய்யவில்லை என்ற வழக்கு. அது சலுகை பற்றிய வழக்கல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த ஆண்டு மாநில வணிகவரித் துறை கேட்ட 2,400 கோடி எதற்காக? ஏற்றுமதி என்று கணக்குக் காட்டிய கைப்பேசிகள் உள்நாட்டிலேயே விற்கப்பட்டன என்பது துறையின் குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுத்தது. யார் சொன்னது சரி என்பதற்குள் நான் போகவில்லை. சலுகை இல்லையென்றால் அந்தத் தகராறுக்கே இடமில்லை என்பதை மட்டும் எதிரணித் தலைவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்போது நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றுக்கொண்டிருந்தது. ஆலையையும் மாற்றித்தர வேண்டுமென்றால் வரி பாக்கிக்காக 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் தர வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கேட்டது; ஆலையை மாற்றித்தர முடியவில்லை. ஏப்ரலில் கைப்பேசித் தொழில் கைமாறியபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் வெளியே நின்றது. விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். இருபத்தைந்து வயது கூட நிரம்பாத பெண்ணுக்கு விருப்ப ஓய்வு என்பதை எந்த அகராதியில் தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை. நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. டிசம்பரில், நோக்கியாவை நம்பியிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் நின்று, சுமார் 1,700 பேரின் வேலை கேள்விக்குறியானது.

வரி வழக்கு இல்லாதிருந்தால் ஆலை பிழைத்திருக்குமா? அங்கே பெருமளவில் செய்யப்பட்டவை விசைப்பலகைக் கைப்பேசிகள். சந்தையோ தொடுதிரைக்கு மாறிக்கொண்டிருந்தது. தாய் நிறுவனமே அந்தத் தொழிலை விற்றுவிட்டு வெளியேறியது. மைக்ரோசாஃப்ட் கையிலும் அந்தத் தொழில் நெடுநாள் நிலைக்கவில்லை. ஒரே ஒரு வாங்குநரைச் சுற்றி அரசின் பணத்தால் ஒரு தொழில் வட்டாரத்தையே கட்டியெழுப்பிவிட்டு, அந்த வாங்குநர் போனால் மற்றவர்களும் போவார்கள் என்பதை எதிர்பாராமல் இருந்ததுதான் பிழை. வருமான வரி வழக்கு 2018இல் இந்திய, பின்லாந்து அரசுகளின் பரஸ்பர உடன்பாட்டு முறையில் முடிந்தது. நிறுவனம் 20 கோடி யூரோவுக்குச் சற்று அதிகமாகச் செலுத்திக் கணக்கை முடித்துக்கொண்டது. வரிக்காக இரண்டு நாடுகள் உட்கார்ந்து பேசின. வேலை இழந்தவர்களுக்காக அப்படி யாரும் உட்காரவில்லை.

அதே கட்டடத்தைப் பின்னர் சால்காம்ப் வாங்கியது, ஸ்ரீபெரும்புதூரில் இன்று ஐபோன் செய்கிறார்கள் என்று எதிரணியினர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் இளம் வயதினரையே தேடி எடுக்கும் இந்தத் தொழிலில், 2014இல் வெளியே வந்த பெண்ணுக்கு அந்த வாசல் மீண்டும் திறப்பது அரிது. வட்டாரத்தின் வேலைக் கணக்கு நேராகலாம். அவருடைய வீட்டுக் கணக்கு நேராகவில்லை.

இனி, பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும் என்ற முதல் வாதம். இந்தப் பயத்தில் அமெரிக்க மாநிலங்கள் நம்மைவிட மூத்தவை. விஸ்கான்சின் மாநிலம் 2017இல் இதே ஃபாக்ஸ்கானுக்கு, 13,000 வேலை, 1,000 கோடி டாலர் முதலீடு என்ற வாக்குறுதியை நம்பி, சுமார் 300 கோடி டாலர் சலுகை எழுதிக் கொடுத்தது. உற்பத்தியாளர்களுக்கு அங்கே மாநில வரி ஏற்கெனவே ஏறக்குறைய இல்லை என்ற நிலையில், அந்தச் சலுகையில் பெரும்பகுதி ரொக்கமாகவே கருவூலத்திலிருந்து போக வேண்டியிருந்தது. முதல் ஆண்டில் குறைந்தபட்சம் 260 பேரை எடுத்திருக்க வேண்டும். சலுகைக் கணக்கில் சேரத் தகுதி பெற்ற வேலையாட்கள் 113 பேர்தான். 2021இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது வாக்குறுதி 1,454 வேலையாகச் சுருங்கியது, சலுகை 8 கோடி டாலராகக் குறைந்தது. வேலைக்கு ஏற்பவே பணம் என்ற நிபந்தனை இருந்ததால் கருவூலம் தப்பியது. ஆனால் மவுண்ட் பிளசன்ட் என்ற சிற்றூர் அதற்குள் வீடுகளைக் காலி செய்து, நிலம் வாங்கி, சாலையும் குழாயும் போட்டு முடித்திருந்தது.

வாஷிங்டன் மாநிலத்தின் கதை இன்னும் கசப்பானது. 2013இல் போயிங் நிறுவனத்துக்கு 2040 வரை சுமார் 870 கோடி டாலர் அளவுக்குச் சலுகையை நீட்டித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அங்கே ஆயிரக்கணக்கான வேலைகள் குறைந்தன. புதிய 777எக்ஸ் விமானத்தை எங்கே செய்ய வேண்டும் என்று சட்டத்தில் நிபந்தனை இருந்தது, மொத்தம் எத்தனை பேர் வேலையில் இருக்க வேண்டும் என்று இல்லை.

இந்த இடத்தில்தான், நடுவர் அவர்களே, நம் நாட்டுச் சட்டத்துக்கு வருகிறேன். 2019 செப்டம்பரில் நிறுவன வரி 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அக்டோபர் 1 முதல் தொடங்கப்படும் புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் விட்டுக்கொடுக்கப்படுகிறது என்பது அன்று அரசே சொன்ன கணக்கு. அந்த 15 சதவீதப் பிரிவின் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். பழைய இயந்திரங்களின் மதிப்பு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஏற்கெனவே நடக்கும் தொழிலைப் பிரித்து உருவாக்கியதாக இருக்கக் கூடாது. இயந்திரத்தின் வயதை இவ்வளவு கருத்தாக விசாரிக்கும் அந்தப் பிரிவு, எத்தனை பேருக்கு வேலை தருகிறாய் என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை.

அம்பத்தூரிலோ கோவை கணபதியிலோ மூன்று பேர் பங்குதாரர்களாகச் சேர்ந்து, பத்துப் பன்னிரண்டு தொழிலாளிகளை வைத்து லேத் பட்டறை நடத்துகிறார்கள் என்றால், அந்தக் கூட்டு நிறுவனம் லாபத்தில் 30 சதவீதம் வரி கட்டுகிறது. புதிதாக வந்த பெரிய நிறுவனத்துக்கோ 15 சதவீதம். ஒரே ஜாப் ஆர்டருக்கு இருவரும் விலை சொல்ல வேண்டும் என்றால் யார் குறைத்துச் சொல்ல முடியும்? பட்டறையை நிறுவனமாக மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். மாற்றினாலும் 22 சதவீதம்தான், ஏனென்றால் அது பழைய தொழில். நம் ஊரில் பல பத்தாண்டுகளாக வேலை தந்துவந்தவரைப் பழையவர் என்பதற்காகவே தள்ளி நிறுத்தும் சலுகையை, உள்ளூர் வேலையைக் காக்கும் சலுகை என்று எப்படி அழைப்பது?

விளைவையும் அரசின் கணக்கெடுப்பிலேயே பார்க்கலாம். காலமுறைத் தொழிலாளர் ஆய்வின்படி 2018-19இல் 12 சதவீதத்தை ஒட்டியிருந்த உற்பத்தித் துறையின் வேலைப் பங்கு 2023-24இல் 11.4 சதவீதம், அதே காலத்தில் வேளாண்மையின் பங்கு கூடியிருக்கிறது. இடையில் பெருந்தொற்று வந்தது என்பது சரியான விளக்கம்தான், ஆனால் அது முழு விளக்கமல்ல. சலுகை வேலையைக் காத்திருந்தால் அந்த எண் இத்தனை ஆண்டுகளில் கொஞ்சமாவது மேலே நகர்ந்திருக்க வேண்டும்.

அந்த 15 சதவீத வாய்ப்பு 2024 மார்ச்சுடன் முடிந்தது. அதை மீண்டும் திறக்க வேண்டும் என்று தொழில் அமைப்புகள் கேட்கின்றன. திறப்பதென்றால், பழைய இயந்திரத்துக்கு அளவு வைத்த அதே பிரிவில் தொழிலாளர் எண்ணிக்கைக்கும் அளவு வைக்கட்டும். ஆலையை மூடினால் பெற்ற சலுகையைத் திருப்பிக் கட்டவும், அதில் முதல் பங்கு வேலை இழந்தவருக்குச் சேரவும் வழி எழுதட்டும். பங்குதாரர் பட்டறையையும் அதில் சேர்க்கட்டும். அதுவரை, இன்றுள்ள வடிவில் இந்தச் சலுகைகள் உள்ளூர் வேலையைக் கரைக்கின்றன என்றே தீர்ப்பு வழங்க வேண்டுமென நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.