ஆக்கப் பொறுத்தவர்களும் ஆறப் பொறுக்காத மண்ணும்

விழாத் தலைவர் ஐயா அவர்களே, தூறலையும் பாராமல் வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, முதல் வரிசையில் குறிப்பேட்டோடு அமர்ந்திருக்கும் வேளாண்மைத் துறை அலுவலர்களே, இஞ்சியும் மஞ்சளும் விளைவிக்கும் உழவர் பெருமக்களே, தாய்மார்களே, வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் பசுந்தாள் உரமாகும் தக்கைப்பூண்டு விதை மூட்டை தந்த விழாக் குழுவினருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

சீனரும் கொரியரும் மருந்தாகப் போற்றும் ஜின்செங் செடியின் வேரைச் சுற்றியுள்ள மண்ணைப் பற்றி நிழல், உரம், மறுநடவு என மூன்று பகுதியாகப் பேசுவதாக அழைப்பிதழில் இருக்கிறது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே பழமொழி போதும்: ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கக் கூடாதா?

ஒரு கதை. 1709-இல் சீனப் பேரரசர் காங்சியின் ஆணைப்படி வரைபடம் தயாரிக்கப் போனார் ஜார்த்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார். கொரிய எல்லைக்கு அருகே ஜின்செங்கைப் பார்த்தார். அடர்ந்த காட்டுச் சரிவு, மரத்தடி நிழல், மட்கிய மண். சமவெளியில் இல்லை, சதுப்பில் இல்லை. இதே சூழல் உலகில் வேறெங்காவது இருந்தால் அது கனடாவாகத்தான் இருக்கும் என்று கடிதத்தில் எழுதினார். செடியைக் கனடாவில் அவர் பார்த்ததே இல்லை. மண்ணையும் நிழலையும் வைத்துப் போட்ட கணக்குதான்! அதைப் படித்த லஃபித்தோ என்ற இன்னொரு பாதிரியார் மாதக்கணக்கில் தேடி, 1716-இல் மாண்ட்ரியாலுக்கு அருகே, கட்டிக்கொண்டிருந்த வீட்டின் பக்கத்திலேயே செடியைக் கண்டார். அங்கிருந்த மோஹாக் பழங்குடி மக்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்த மூலிகை. பிறகென்ன, கப்பல் கப்பலாகச் சீனாவுக்குப் போனது. 1750-களின் தொடக்கத்தில் விலை எகிறியதும் பருவத்துக்கு முன்பே பிடுங்கி, நிழலில் மெல்ல உலர்த்த வேண்டிய வேரை அடுப்பில் வாட்டி அனுப்பினார்கள். சீன வணிகர்கள் சரக்கைத் தள்ளிவிட்டார்கள்; சந்தை சரிந்தது. ‘ஜின்செங் போல விழுந்தது’ என்று கனடாவின் பிரெஞ்சுக்காரர்களிடம் சொலவடையே உண்டாகிவிட்டது. ஆறப் பொறுக்கவில்லை, பார்த்தீர்களா?

இனி மண். காட்டுத் தரையில் ஆண்டுதோறும் இலை விழுந்து மட்கும், மண் பொலபொலவென்று இருக்கும், நீர் தங்காது, பலவகை நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று கட்டுக்குள் வைத்திருக்கும். இதே செடியை வயலில் மேட்டுப்பாத்தி போட்டு, கூரை நிழலில் நான்கு முதல் ஆறு ஆண்டுகள் வைத்தால் கதை மாறுகிறது. செடி அம்மோனியம், பொட்டாசியம் போன்றவற்றை உறிஞ்சும்போது வேர், மண்ணை அமிலமாக்கும் ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளுகிறது. போட்ட தழைச்சத்து உரமும் நைட்ரேட்டாக மாறும்போது அமிலத்தைக் கூட்டுகிறது. கார அமில நிலை (pH) 5-க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்கும். பாக்டீரியா பின்வாங்கும், பூஞ்சாணம் மேலோங்கும்.

இதைவிட வேடிக்கை, செடியே மண்ணில் கசியவிடும் ஜின்செனோசைடு என்ற மருந்துச் சத்து. நாம் வேருக்கு விலை கொடுப்பதே அந்தப் பொருளுக்காகத்தான். ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, அது டிரைக்கோடெர்மா வகை நல்ல பூஞ்சாணத்தை அடக்கியது. அழுகல் உண்டாக்கும் பித்தியம், சிலிண்ட்ரோகார்பான் என்ற நோய்க்கிருமிகளை வளர்த்துவிட்டது. ஆக, ஆறு ஆண்டில் செடி தன் எதிரிக்குத் தானே சோறு போட்டிருக்கிறது. அதே பாத்தியில் மறுபடி நட்டால் நாற்று பிழைக்காது. பிழைத்தாலும் வேரில் துருநிறத் திட்டு, பிறகு அழுகல். கிருமியைக் கொல்ல மண்ணுக்குப் புகைமருந்து அடித்தால் நல்ல உயிரும் சேர்ந்து சாகும். காலியான மண்ணில் முதலில் குடியேறுவது பெரும்பாலும் பழைய எதிரிதான்.

கொரியாவின் கும்சானில் என்ன செய்கிறார்கள்? அங்குள்ள மரபு ஜின்செங் சாகுபடியை 2018-இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு உலக வேளாண் பாரம்பரியமாக ஏற்றது. நடுவதற்கு முன்பே ஓரிரண்டு ஆண்டு நிலத்தைத் தயார் செய்கிறார்கள்: ‘சூடான் புல்’ என்ற தீவனப் புல்லை வளர்த்து மடக்கி உழுது, பலமுறை புரட்டிக் காயவிடுகிறார்கள். அறுவடை முடிந்த மேட்டுநிலத்துக்குப் பத்தாண்டு அளவில் மீண்டும் ஜின்செங் கிடையாது. அந்த நிலத்தை நெல்வயலாக்கி நீர் கட்டினால், காற்றில்லாமல் நோய்ப் பூஞ்சாணம் குறைந்து காத்திருப்பும் குறைகிறது. ஆறு ஆண்டு ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறவும் பொறுக்கிறார்கள்.

நிழலுக்கு ஒரு வரி: வெயிலில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு போதும், கூரை வடக்கு பார்த்துத் திறந்திருக்க வேண்டும். உரத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார்.

நம் இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் கிழங்கழுகல் கொடுப்பதும் பித்தியம் இனம்தான். அதே வயலில் அதே கிழங்கை அடுத்தடுத்து வைத்துவிட்டு மருந்துக் கடை வாசலில் நிற்கிறோம். ஆகவே என் கோரிக்கை: அறுவடை முடிந்த கிழங்கு வயலில் ஒரு பகுதியையாவது இந்த ஆண்டு ஆறப்போடுங்கள். தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதையுங்கள். 45 நாளில், பூக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள். முற்றவிட்டால் தண்டு நாராகி, மட்க நாளாகும். மேடைக்கு வலப்பக்கம் அந்த விதை மூட்டை பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. பெயரெழுதிவிட்டு ஆளுக்கு இரண்டு கிலோ எடுத்துப் போகலாம். வணக்கம்.