கல்லறைக்குச் சிமெண்ட் பூசாதீர்கள்

பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே!

ஆண்டுதோறும் ஜூலை 10 அன்று வேலூர் மக்கான் சந்திப்பு நினைவுத்தூணுக்கு மாலை போடுகிறோம். 1806-இல் அதே தேதியில், விடியுமுன், வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள். நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகைதான் என்று வந்த உத்தரவு மூட்டிய தீ அது. கோட்டையில் இருந்த வெள்ளைப் படை 69-ஆவது ரெஜிமெண்டின் 4 கம்பெனிகள். ஆற்காட்டிலிருந்து வெள்ளை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்ததும் நிலைமை தலைகீழானது.

செத்த வெள்ளைக்காரருக்குக் கல் உண்டு. சிப்பாய்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள், தூக்கில் போட்டார்கள். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல் யாரும் வைக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், ஊரின் பழைய ஐரோப்பியக் கல்லறைத் தோட்டம் நமக்கும் ஆவணம், எதிராளியே கைப்பட எழுதிக் கொடுத்த சாட்சி. அவன் ‘கலகம்’ என்று வெட்டியிருந்தால் அதைச் சுரண்டாதீர்கள். ‘புரட்சி’ என்று சொல்ல ஒரு பலகை போதும். அதையும் கல்லில் ஆணியடித்து மாட்டாமல் தள்ளி நடுங்கள்.

சுத்தம் செய்யப் போகிற இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டம் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கையில் வாளித் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். ஆசிட் ஊற்றினால் பளிங்கு கரையும். கம்பி பிரஷ் எழுத்தின் விளிம்பைத் தின்னும். சோப்புத்தூளின் உப்பு கல்லுக்குள்ளேயே தங்கிவிடும்.

பெரிய எமன் சிமெண்ட். அந்தக் காலக் கட்டுமானம் செங்கல்லும் சுண்ணாம்பும். மழையில் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் போக வழியில்லை. உள்ளே உப்பு பூத்து, பூச்சு செங்கல்லையும் பிய்த்துக்கொண்டு விழும். வேலூர் வெயிலுக்கு இது இன்னும் சீக்கிரம். சிமெண்டுக்குப் பதில் இந்தக் கலவையைப் பூசுங்கள்: நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த மணல் 3 பங்கு. பூசியபின் ஒரு வாரமாவது ஈரச் சாக்கு போட்டுக் காய விடாமல் வையுங்கள்.

விரிசலில் முளைத்த அரசங்கன்று விரல் நீளமென்றால் மழைக்குப் பின் பிடுங்கலாம். வேர் தடித்துவிட்டால் இழுக்கவே இழுக்காதீர்கள், செங்கல்லும் கூடவே வரும். அடியோடு அறுத்து, துளிர்க்கத் துளிர்க்க நறுக்குங்கள். வேர் பட்டபின் விரிசலை அடையுங்கள்.

எழுத்து தெரியவில்லையா? சாக்பீஸ் தடவாதீர்கள். காலை 7 மணிச் சாய்வெயிலில் பாருங்கள், அல்லது முகம் பார்க்கும் கண்ணாடியால் பக்கவாட்டில் வெளிச்சம் அடியுங்கள். பளிங்கில் ஈயம் வார்த்த எழுத்து உதிர்ந்திருந்தால், அதைப் பிடித்திருந்த குட்டித் துளைகள் மிச்சம் இருக்கும். அவற்றின் வரிசையை வைத்தே எழுத்தைக் கண்டுபிடிக்கலாம். அளவுகோல் வைத்துப் படமெடுத்து, கல்லில் வரி எங்கே முடிகிறதோ நோட்டிலும் அங்கேயே முடித்து, எழுத்துப்பிழை இருந்தால் அதையும் திருத்தாமல் எழுதுங்கள். நகல் ஒன்று நூலகத்துக்குப் போகட்டும்.