தட்டில் இருப்பது ஸ்டெம் செல்தானா?

நேயர்களுக்கு வணக்கம். ஸ்டெம் செல் சிகிச்சை என்றதும் பலர் கேட்பது, எந்த நோய் குணமாகும் என்றுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஆய்வகத்தின் வளர்ப்புத் தட்டில் கிடக்கும் ஆயிரக்கணக்கான செல்களில், தன்னைப் போன்ற செல்லையும் உடலுக்கு வேண்டிய பிற செல்களையும் தொடர்ந்து உருவாக்கும் ஸ்டெம் செல் எது? தோற்றத்தை மட்டும் வைத்துச் சொல்வது கடினம். அது செய்யும் வேலைதான் அடையாளம்.

1961-இல் கனடாவின் டொராண்டோவில் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் இருவரும் செல்லை அதன் வேலையை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். கதிர்வீச்சால் எலிகளின் எலும்பு மஜ்ஜையை அழித்துவிட்டு, வேறு எலிகளின் மஜ்ஜையைச் செலுத்தினார்கள். சுமார் பத்து நாளில் மண்ணீரலில் சிறு முடிச்சுகள் தோன்றின. ஒவ்வொரு முடிச்சும் ஒரே செல்லிலிருந்து வளர்ந்தது என்பது 1963-இல் உறுதியானது. அதாவது, முடிச்சை உருவாக்கிய வேலைதான் அந்தச் செல்லைக் காட்டிக்கொடுத்தது.

சரி, மனிதர்களுக்கு வருவோம். கண்ணின் கருவிழியும் வெள்ளைப்பகுதியும் சேரும் விளிம்பில் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிப்பது அவைதான். சுண்ணாம்போ அமிலமோ பட்டு அவை அழிந்தால், வெள்ளைப்பகுதியின் திசு கருவிழி மேல் படர்ந்து பார்வையை மறைத்துவிடும். அப்போது தானமாகக் கிடைத்த கருவிழியை வைத்தாலும் நிலைக்காது. மேல்தோலைப் புதுப்பிக்க ஆள் இல்லையே!

இத்தாலியில் கிராசியெல்லா பெல்லெக்ரினி, மிக்கேலே தெ லூக்கா குழுவினர் நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து துளித் திசு எடுத்து, வளர்த்து, கெட்ட கண்ணில் ஒட்டினார்கள். 2010-இல் 112 நோயாளிகளின் முடிவுகள் வெளியாயின. இந்த ஸ்டெம் செல்களின் அடையாளமாகக் கொள்ளப்படும் பி63 என்ற புரதம் மிகுந்திருந்த செல்கள், வளர்ப்பில் பெருகும் திறனுள்ள செல்களில் 3 சதவீதத்துக்கு மேல் இருந்தவர்களில் 78 சதவீதம் பேருக்கு வெற்றி. 3 சதவீதமோ அதற்குக் குறைவோ இருந்தவர்களில் 11 சதவீதம் பேருக்குத்தான். மொத்தம் எத்தனை லட்சம் செல் வைத்தோம் என்பதைவிட அந்தச் சின்ன விகிதம்தான் பலனைத் தீர்மானித்தது. 'இத்தனை கோடி செல்கள் செலுத்துகிறோம்' என்ற விளம்பரங்களைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. பி63 செல்லின் உட்கருவுக்குள் இருக்கிறது. சாயமேற்றிப் பார்க்க செல்லைக் கொன்றாக வேண்டும். ஆகவே சோதித்த செல்லை நோயாளிக்கு வைக்க முடியாது; அதே வளர்ப்பிலிருந்து ஒரு பங்கைச் சோதித்து, மிச்சத்தை நம்புகிறோம். அப்படி வந்த ஹோலோகிளார் என்ற சிகிச்சைக்குத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் நிபந்தனையுடன் அனுமதி தந்தது. ஸ்டெம் செல் மருந்து ஒன்று அங்கே அனுமதி பெற்றது அதுவே முதல் முறை.

நன்றி, வணக்கம்.